பேச்சுக்கு நடுவே விற்பது எப்படி?

அமுல் வெண்ணெய் விளம்பரத்தில் வரும், புள்ளி போட்ட ஃப்ராக் அணிந்த சிறுமி 1966இல் உருவானவள். சில்வெஸ்டர் டகூன்ஹாவின் குழு அவளை மும்பை ஹோர்டிங்குகளில் ஏற்றிவிட்டதிலிருந்து ஊர் எதைப் பேசுகிறதோ அதையே அவளும் பேசிக்கொண்டிருக்கிறாள். கிரிக்கெட் தோல்வி, தேர்தல், புதுப்படம், வெங்காய விலை, எதுவானாலும் ஒரு சிலேடை, ஓரத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி. ஆக, ஊர்ப்பேச்சுக்குள் புகுந்து விளம்பரம் செய்வது நேற்று வந்த யோசனை இல்லை. ஆனால் ஹோர்டிங்குக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சிலேடை பிடிக்காவிட்டால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். அதையே இன்று எக்ஸிலோ (பழைய ட்விட்டர்) இன்ஸ்டாகிராமிலோ போட்டால் கீழே கமெண்ட் பெட்டி திறந்து கிடக்கிறது. உங்கள் சிலேடைக்கு அடியில் ஒருவர் வந்து, "போன வாரம் பணம் கட்டிய பார்சல் இன்னும் வரவில்லை, முதலில் அதைச் சொல்லுங்கள்" என்பார். உங்கள் பதிவை விட அந்தக் கமெண்டுக்கு லைக் அதிகமாக விழும்.

பெரிய கம்பெனிகளுக்கு லோயர் பரேலில் ஏஜென்சி இருக்கிறது, அந்த ஏஜென்சியில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். நான் மனதில் வைத்து எழுதுவது வேறு ஆட்களை. மாட்டுங்காவில் காபிப் பொடிக் கடை வைத்திருப்பவர், செம்பூரில் வீட்டிலேயே முறுக்கும் தட்டையும் செய்து விற்பவர், தாராவியில் தோல் பை தைப்பவர். இவர்களிடம் விளம்பரத்துக்கு என்று தனியாகப் பெரிய தொகை இருக்காது, போன் இருக்கும், இரவு கடை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் இருக்கும். சமூக ஊடகத்தைப் பொறுத்தவரை தொடங்குவதற்கு அது போதும்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். மக்கள் ஏற்கனவே தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குள் ஒரு பிராண்ட் மூன்று விதமாக நுழையலாம். பணம் கட்டி விளம்பரமாக வரலாம். தன் சொந்தக் கணக்கிலிருந்து பதில் சொல்லலாம். அல்லது வேறொருவர் வாய் வழியாக, அதாவது சமூக ஊடகத்தில் பலர் பின்தொடரும் இன்ஃப்ளூயன்சர் மூலமாகவோ திருப்தியான வாடிக்கையாளர் மூலமாகவோ வரலாம். எல்லோரும் முதலாவதற்குத்தான் ஓடுகிறார்கள், ஏனென்றால் அதற்குப் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் ஏதோ நடந்த மாதிரி இருக்கிறது. நான் இரண்டாவதில் தொடங்கச் சொல்வேன்.

மும்பை லோக்கலின் லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கிளிப், தோடு, ஹேர்பேண்ட் விற்க ஏறும் பெண்களைப் பாருங்கள். தினமும் ஒன்றாகப் போகும் கூட்டம் ஒன்று அங்கே உட்கார்ந்து மாமியார் கதையோ மேனேஜர் கதையோ பேசிக்கொண்டிருக்கும். விற்பவர் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்வதில்லை. தோட்டு அட்டையைக் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது ஒருத்தி விலை கேட்டால், அவளுக்கு மட்டும் பதில் சொல்வார். ஆனால் அந்தப் பதிலை எட்டுப் பேர் கேட்பார்கள், இரண்டு பேர் கை நீட்டுவார்கள். சமூக ஊடகத்தில் விற்பதன் கணக்கும் இதுதான்: ஒருவர் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறீர்கள், கேள்வி கேட்காத பலர் அதைப் படிக்கிறார்கள். கேள்வியே இல்லாத இடத்தில் போய்ப் பதில் சொன்னால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

முதலில் காது

கேள்வி எங்கே கேட்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். இதற்கு விலை உயர்ந்த மென்பொருள்கள் இருக்கின்றன. சிறு கடைக்கு அவை தேவையில்லை, தேடல் பெட்டி போதும். ஆனால் என்ன தேடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். தங்கள் கடைப் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, யாரும் நம்மைப் பற்றிப் பேசவில்லை என்று மூடிவிடுகிறார்கள். மக்கள் கடைப் பெயரைச் சொல்லிப் பேசுவது குறைவு. "தானேயில் நல்ல ஃபில்டர் காபிப் பொடி கிடைக்குமா?" என்று கேட்பார்கள். "டிகாக்ஷன் கசக்குது, ஏன்?" என்பார்கள். "முலுண்டுக்கு டெலிவரி செய்பவர் யாராவது இருக்கிறார்களா?" என்பார்கள். ஆகவே பொருளின் பெயரையும் பேட்டையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பொருளில் வரும் பிரச்சினையைத் தேடுங்கள். உங்கள் கடைப் பெயரைத் தப்பாக எழுதினால் எப்படி எழுதுவார்களோ அதையும் தேடுங்கள்.

மும்பையில் இன்னொரு சிக்கல் மொழி. இங்கே ஒரு தமிழர் அம்மாவிடம் தமிழில் பேசுவார், சொசைட்டி, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் இந்தியில் எழுதுவார், ரெடிட் என்ற விவாதத் தளத்தில் ஆங்கிலத்தில் கேட்பார், நண்பருக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பார். பக்கத்து வீட்டு மராத்திக்காரரும் ஃபில்டர் காபி குடிப்பவர்தான், அவர் மராத்தியில் கேட்பார். தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால் உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கண்ணில் படமாட்டார்கள்.

இரண்டு மூன்று வாரம் எதுவும் எழுதாமல் இப்படி வாசித்துக்கொண்டே இருங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

பதில் எப்படி இருக்க வேண்டும்

தானே குடியிருப்பவர்களின் ஃபேஸ்புக் குழு ஒன்றில் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வீட்டில் ஃபில்டர் காபி போட்டால் ஒரே கசப்பு. நல்ல பொடி எங்கே வாங்குவது?"

வழக்கமாக வரும் பதில் இது: "எங்கள் கடைக்கு வாருங்கள்! முதல் ஆர்டருக்கு 10% தள்ளுபடி!" கூடவே ஒரு போன் நம்பர், மூன்று நெருப்பு எமோஜி. கேட்டவர் கசப்பைப் பற்றிக் கேட்டார், கிடைத்தது தள்ளுபடி. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இந்தக் கடைக்குக் காபி தெரியும் என்று எப்படித் தோன்றும்?

இப்படி எழுதிப் பாருங்கள்: "மாட்டுங்காவில் காபிப் பொடி விற்கிறேன், அதைச் சொல்லிவிட்டே பதில் சொல்கிறேன். கசப்புக்கு இரண்டு காரணம் இருக்கலாம். பொடி ரொம்ப நைசாக அரைபட்டிருந்தால் கசப்பு அதிகம் இறங்கும். சிக்கரி அதிகமாக இருந்தாலும் கசக்கும். இப்போது வாங்கும் பாக்கெட்டில் எத்தனை சதவீதம் காபி என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். சிக்கரி கலந்தாலும் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதி. 60க்கு 40 என்று இருந்தால் அடுத்த முறை 80க்கு 20 வாங்கிப் பாருங்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் இதைக் கேட்டு வாங்கலாம்."

தள்ளுபடியும் இல்லை, போன் நம்பரும் இல்லை. ஆனால் இதைப் படித்தவருக்கு ஒரு சங்கதி கிடைத்தது, சொன்னவர் யார் என்றும் தெரிந்தது. அடுத்த கமெண்டில் யாராவது "உங்கள் கடை எங்கே?" என்று கேட்பார்கள், அப்போது நம்பரைக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் நஷ்டமில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் தேடும்போது அந்தப் பதில் அங்கேயே இருக்கும்.

விற்பவர் என்பதை முதல் வரியிலேயே சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அதைக் கடைசியில் வைத்தால் படிப்பவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வரும், சொல்லாமலே விட்டால் என்றாவது ஒருநாள் யாராவது உங்கள் கணக்கைத் திறந்து பார்த்து எல்லோருக்கும் சொல்வார். ரெடிட் போன்ற இடங்களில் இதற்கென்றே துப்பறிபவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சொந்த விளம்பரமாக இருக்கக் கூடாது என்பது அங்கே வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வந்த வழிகாட்டுதல். மற்ற ஒன்பதும் வெறும் பேச்சு: சாலைக் குழி, மழை, சாம்பாருக்கு எந்தப் பருப்பு. விளம்பரம் செய்ய வந்தவருக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒன்பது முறை சாதாரணமாகப் பேசிய ஆள் பத்தாவது முறை தன் கடையைப் பற்றிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குழுவின் விதியை அட்மினிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். சில சொசைட்டி வாட்ஸ்அப் குழுக்களில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் விற்பனைப் பதிவு போடலாம் என்று வைத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு விஷயம். பிராட்காஸ்ட் லிஸ்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகும்படி அனுப்பும் வசதியில், அனுப்பும் செய்தி உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே கடைக்கு வருபவரிடம் "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்வதே ஒரு விளம்பர வேலை. பெரிய அளவில் செய்திகள் அனுப்பும் நிறுவனங்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் தளத்தில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அதைத் தாண்டினால் வாட்ஸ்அப்பிடம் முன்பே அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்திகளை (டெம்ப்ளேட்) மட்டும்தான் அனுப்ப முடியும். கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் பதில் சொல் என்பதை விதியாகவே ஆக்கிவிட்டார்கள். நூறு பேரை அவர்களைக் கேட்காமலேயே ஒரு புதுக் குழுவில் சேர்த்து "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நூறு பேரே சொல்வார்கள்.

ஊர் பேசுகிற அன்று

திடீரென்று ஒரு விஷயம் எல்லோர் வாயிலும் இருக்கும். அதில் நம் பிராண்டையும் நுழைத்துவிடலாம் என்ற ஆசை வரும். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஓரியோ. 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனது. இருட்டிலும் பிஸ்கெட்டைப் பாலில் முக்கலாம் என்ற பொருளில் ஓரியோ ஒரு படத்தை ட்விட்டரில் போட்டது, ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் அதைப் பகிர்ந்தார்கள். எல்லோரும் அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அன்று இரவு எழுதுபவர், படம் வரைபவர், சரி என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் எல்லோரும் தயாராக ஒன்றுகூடி உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊரில் ஒரு வரி எழுதி, அதை மேனேஜர் பார்த்து, அவர் முதலாளிக்கு அனுப்பி, முதலாளி மூன்றாம் நாள் "ஓகே" சொல்வதற்குள் மின்சாரம் வந்து, ஆட்டம் முடிந்து, கோப்பையும் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். சிறு கடைக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு, முதலாளியும் எழுதுபவரும் ஒரே ஆள்.

ஆனால் வேகமாக எழுதுவதற்கு முன்னால் படிக்க வேண்டும். 2014இல் அமெரிக்காவில் குடும்ப வன்முறையைத் தாங்கிய பெண்கள், தாங்கள் ஏன் அந்த உறவிலேயே தங்க நேர்ந்தது என்பதை ஒரு ஹேஷ்டேகில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜியோர்னோ என்ற பீட்சா பிராண்ட் அதன் அர்த்தத்தைப் பார்க்காமல், பீட்சா இருந்ததால் தங்கினேன் என்ற பாணியில் அதே ஹேஷ்டேகில் நகைச்சுவை எழுதியது. கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டு, கோபப்பட்டவர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஒரு ஹேஷ்டேகில் குதிக்கும் முன் அதில் உள்ள பதிவுகளைக் கொஞ்சமாவது கீழே இறக்கிப் படித்திருந்தால் இது நடந்திருக்காது.

நீங்களே ஹேஷ்டேக் தொடங்கினாலும் அது உங்கள் கையில் இருக்காது. மெக்டொனால்ட்ஸ் 2012இல் தன் உணவைப் பற்றி மக்கள் இனிய கதைகள் சொல்வார்கள் என்று ஒரு ஹேஷ்டேகுக்குப் பணம் கட்டியது. மக்கள் கதை சொன்னார்கள், இனியவை இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அதை நிறுத்தினார்கள்.

நம் மும்பைக்கு மழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் முதல் மழை பெய்யும் மாலை "மழை, ஜன்னல், ஃபில்டர் காபி" என்று போட்டால் எல்லோருக்கும் சிரிப்பு வரும், சரியான நேரம். ஜூலையில் ஹிந்த்மாதாவிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் முழங்கால் வரை தண்ணீர் நின்று, லோக்கல் நின்று, தண்டவாளத்தில் ஆட்கள் நடந்துபோகும் அன்று அதே பதிவைப் போட்டால் திட்டுத்தான் விழும். பதிவு மாறவில்லை, ஊரின் மனநிலை மாறிவிட்டது. அன்றைக்குப் போட வேண்டியது வேறு: "கடை இரவு வரை திறந்திருக்கும். மாட்டுங்காவில் மாட்டிக்கொண்டவர்கள் வந்து உட்காரலாம், போன் சார்ஜ் போடலாம்." அதில் காபி என்ற வார்த்தையே வேண்டாம்.

இதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கெட்ட எண்ணம் உள்ளவர்கள் இல்லை, முன்கூட்டியே பதிவுகளை நேரம் குறித்து வைத்தவர்கள்தான். திங்கட்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் ஏற்றி வைத்திருப்பார்கள், புதன்கிழமை ஊரில் விபத்து, அவர்கள் கணக்கு மட்டும் தானாகவே ஜோக் அடித்துக்கொண்டிருக்கும். நேரம் குறித்து வைப்பதில் தவறில்லை. அதை நிறுத்துவதற்கான பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும்.

பிரபலங்கள் பக்கம் போகும்போது இன்னும் ஜாக்கிரதை. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பி.வி. சிந்து வெண்கலம் வென்றதும், அவர் படத்தோடு தங்கள் லோகோவையும் ஒட்டிப் பல பிராண்டுகள் வாழ்த்துச் சொன்னன. அவருக்கு ஸ்பான்சர் செய்யாத பிராண்டுகள் அவை. அவருடைய ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பேஸ்லைன் வென்ச்சர்ஸ் நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. ரஜினிகாந்தும் 2023 ஜனவரியில், தன் பெயர், படம், குரல் ஆகியவற்றை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் நடவடிக்கை என்று வக்கீல் மூலம் பொது அறிவிப்பு கொடுத்தார். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் ரஜினி படத்தின் முதல் நாள் கொண்டாட்டத்தைப் பார்த்த கைக்கு, காபி டம்ளர் பிடித்த தலைவர் படம் ஒன்று தயாரிக்கத் துடிக்கும். வேண்டாம். "இன்று முதல் ஷோ போகிறவர்களுக்காகக் காலை 4 மணிக்கே கடை திறக்கிறோம்" என்று எழுதினால் போதும், படம் எதுவும் தேவையில்லை. அது பேச்சுக்குள்ளும் வருகிறது, பயனும் இருக்கிறது.

நகைச்சுவையைப் பற்றி என் கருத்து: பெரும்பாலான பிராண்டுகளுக்கு அது இப்போது இருப்பதில் பாதி இருந்தாலே அதிகம். 2019 ஜூலையில் ஜொமாட்டோ, எப்போதாவது வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுங்கள் என்று ட்வீட் போட்டது. உணவு டெலிவரி செய்யும் கம்பெனியே அப்படிச் சொன்னதால் சிரிப்பு வந்தது. உடனே ஒவ்வொரு பிராண்டாக அதே அச்சில் தன் பெயரைப் போட்டு வார்த்தது. முதல் ஆள் சொன்ன ஜோக்கைப் பத்தாவது ஆளும் சொன்னால் எப்படி இருக்கும்? இதற்கு நேர்மாறாக மும்பை போலீஸின் ட்விட்டர் கணக்கைச் சொல்லலாம். 2015 டிசம்பரில் தொடங்கிய அந்தக் கணக்கு சினிமா வசனங்களையும் மீம்களையும் நிறையப் பயன்படுத்துகிறது, ஆனால் பெரும்பாலும் ஹெல்மெட் போடு, ஓடிபியைச் சொல்லாதே, குடித்துவிட்டு ஓட்டாதே என்று ஏதோ ஒரு வேலையான செய்தி அதற்குள் இருக்கும்.

புகாரும் விளம்பரமே

இதை யாரும் விளம்பரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் உங்கள் கடையைப் பற்றி வெளியில் அதிகம் பகிரப்படப் போவது நீங்கள் பணம் கட்டிய படமாக இருக்காது, நீங்கள் ஒரு புகாருக்கு எழுதிய பதிலின் ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் இருக்கும். 2021 அக்டோபரில் நடந்தது தமிழர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரில் வராத பொருளுக்குப் பணம் திரும்பக் கேட்டார். ஜொமாட்டோவின் சேவை ஊழியர் சாட்டில், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் அது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். ஸ்கிரீன்ஷாட் வெளியே வந்தது, நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ட்ரெண்ட் ஆனது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது, ஊழியரை நீக்கியதாகச் சொன்னது, பிறகு திரும்பவும் சேர்த்துக்கொண்டது. ஒரு சின்ன தொகை, அதைச் சுற்றி நாடு முழுக்கச் செய்தி. எத்தனை ஜோக் ட்வீட் போட்டுச் சேர்த்த பெயர் அது!

சிறு கடைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒருவர் எந்த மொழியில் எழுதுகிறாரோ அதே மொழியில் பதில் சொல்லுங்கள், உடைந்த மராத்தியாக இருந்தாலும் பரவாயில்லை. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், டிஎம் (தனிச் செய்தி) அனுப்பவும்" என்று எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டாதீர்கள். ஒரு கடையின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதே வரி இருபது முறை கிடப்பது எல்லோருக்கும் தெரியும். முதல் பதில் பொதுவில், குறிப்பாக இருக்கட்டும்: "சனிக்கிழமை அனுப்பிய அரைக் கிலோ பாக்கெட் பிரிந்து வந்தது என்கிறீர்கள், நாளைக்கே வேறு அனுப்புகிறோம்." அதற்குப் பிறகு முகவரி, போன் நம்பர் எல்லாம் தனிச் செய்தியில்.

பொதுவில் நம்பர் கேட்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. புகார் சொல்பவர்களைக் குறிவைத்து, வாடிக்கையாளர் சேவை என்று போலிப் பெயரில் பதில் எழுதி, நம்பரை வாங்கி, லிங்க் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. நீங்கள் பதில் சொல்லத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத்தான் வசதி. உங்கள் உண்மையான கணக்கு எது என்பதைக் கடைப் பையிலும் பில்லிலும் அச்சிட்டு வையுங்கள்.

போட்டிக் கடையைப் பற்றி யாராவது புகார் சொல்லும்போது அங்கே போய் "எங்களிடம் வாருங்கள்" என்று எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதாதீர்கள். கோபத்தில் இருப்பவர் அப்போது வேறு கடையைத் தேடவில்லை, தன் பணத்தைத் தேடுகிறார்.

அடுத்தவர் வாயால்

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்லலாம். மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. மத்திய அரசும் 2023 ஜனவரியில் தன் விதிகளை வெளியிட்டது. பணம் வாங்கினால் மட்டும் இல்லை, இலவசப் பொருள், பயணம், தள்ளுபடி, எது வாங்கியிருந்தாலும் அது விளம்பரம் என்று பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் இருக்க வேண்டும், குரலிலும் இருக்க வேண்டும். முப்பது ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்து வைத்தால் சொன்னதாக ஆகாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரத்தில் பேசுபவரை ஓராண்டு வரை வேறு எதற்கும் விளம்பரம் செய்யாமல் தடுக்கவும் முடியும். ஆகவே, நீங்கள் இலவசமாக ஒரு டப்பா முறுக்கு அனுப்பி, செம்பூர் உணவுப் பக்கம் நடத்தும் இளைஞர் அதைப் பற்றி ரீல் போட்டால், அது விளம்பரம்தான். "இது எனக்கு இலவசமாக வந்தது" என்று அவர் தமிழில் சொல்லட்டும். அப்படிச் சொன்னதால் முறுக்கு விற்பனை குறைந்துவிடாது.

எந்த இளைஞரைப் பிடிப்பது? பின்தொடர்பவர்கள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அவருடைய கமெண்ட் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெறும் இதயமும் கைதட்டலுமாக இருந்தால் அங்கே பேச்சே நடக்கவில்லை. "எங்கே கிடைக்கும்?", "எண்ணெய் என்ன?", "கல்யாணுக்கு வருமா?" என்று கேள்விகள் இருந்து, அவரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால், ஆயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அவர் உங்களுக்கு வேண்டிய ஆள்.

மருமகனிடமும் மச்சானிடமும் சொல்லிப் பத்துப் போலிப் பாராட்டு எழுத வைப்பது எளிது. ஒரே நாளில், ஒரே நடையில், அனைத்தும் ஐந்து நட்சத்திரத்தோடு வந்து நிற்கும் பாராட்டுகளைப் பார்த்தால் வாசிப்பவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

பணம் எப்போது போடுவது

கடைசியாக, எல்லோரும் முதலில் ஓடும் இடம். பேச்சுக்கு நடுவே கட்டண விளம்பரம் வைக்க இப்போது பல வசதிகள் உண்டு. ரெடிட்டில் ஒரு பதிவுக்கும் அதன் முதல் கமெண்டுக்கும் இடையிலேயே விளம்பரம் வைக்கலாம். எக்ஸில் குறிப்பிட்ட வார்த்தைகளைத் தேடுபவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் காட்டச் சொல்லலாம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு இடத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டி, தட்டினால் நேராக உங்கள் வாட்ஸ்அப் திறக்கும்படி வைக்கலாம். கடைக்கு நடந்து வரக்கூடியவர்கள் மாட்டுங்கா, சயான், வடாலா பக்கம்தான் என்றால் போரிவிலிக்குக் காட்டிப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை.

எதற்குப் பணம் போடுவது என்பதுதான் கேள்வி. புதிதாக ஒன்று வடிவமைத்துப் போடாதீர்கள். பணம் போடாமலே மக்கள் கேள்வி கேட்ட, சேமித்து வைத்த, நண்பருக்கு அனுப்பிய பதிவு உங்கள் பக்கத்திலேயே ஒன்றிரண்டு இருக்கும். மேலே சொன்ன கசப்புக் கேள்விக்கான பதிலை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டு அது ஓடியிருந்தால், அதற்குப் பணம் போடுங்கள். ஏற்கனவே பேச்சு நடந்துகொண்டிருக்கும் பதிவை இன்னும் கொஞ்சம் பேருக்குக் காட்டுகிறீர்கள், அவர்களும் வந்து கேட்பார்கள். ஆனால் கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரத்தை ஓடவிடாதீர்கள். இரவு 2 மணிக்கு யாரும் கடையில் இல்லை என்றால் விளம்பரமும் தூங்கட்டும். தேர்ந்தெடுக்கும் வார்த்தைகளோடு விலக்க வேண்டிய வார்த்தைகளையும் கொடுக்க முடிகிற இடங்களில் கொடுங்கள்: விபத்து, மரணம், வெள்ளம்.

பலன் தெரிந்ததா என்று பார்க்க லைக்கை எண்ணாதீர்கள். லைக் போட்டவர் திருநெல்வேலியில் இருக்கலாம், அவர் அன்பு பெரியது, ஆனால் அரைக் கிலோ பொடி வாங்க வரமாட்டார். கல்லாவில் இருப்பவர் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு, ஒரு நோட்டில் கோடு போட்டால் போதும். வாட்ஸ்அப்பில் வருபவர்களுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனி வார்த்தை கொடுக்கலாம். ஃபேஸ்புக் குழுவிலிருந்து வந்தவர் "டிகாக்ஷன்" என்று எழுதட்டும், ரீலிலிருந்து வந்தவர் "டம்ளர்" என்று எழுதட்டும். இரண்டு மாதத்தில் எந்தப் பேச்சிலிருந்து ஆள் வருகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடும். கூடவே, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள், எத்தனை புகார் தீர்ந்தது, இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எழுதி வைத்தீர்களே, அவற்றில் முதல் ஐந்துக்கான பதிலை உங்கள் பக்கத்தின் மேலேயே பின் செய்துவிட்டால் பாதிக் கேள்விகள் கேட்காமலே தீர்ந்துவிடும். மீதி நேரத்தில் புதுக் கேள்விகளைத் தேடலாம். தீபாவளிக்கு முன் முறுக்கு ஆர்டர் எப்போது வரை எடுப்பீர்கள் என்று இந்நேரம் யாராவது எங்காவது கேட்டிருப்பார்கள்.